தசை வளர்வது எவ்வாறு?

கல்லூரியில் முதலாண்டு பயின்றுகொண்டிருந்த காலத்தில், மழையால் வழுக்கிய சாலையில் மிதிவண்டியோடு விழுந்து என் இடக்கால் எலும்பை முறித்துக்கொண்டேன். மருத்துவர் தொடை முதல் பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் காலை அசைக்காமல் இருக்குமாறு பணித்தார். அந்த ஆறு வாரமும் என் பாட்டியார் எனக்கு அளித்த உணவுக்கு அளவே இல்லை. காலையில் இரண்டு முட்டை, நண்பகலில் மீன், மாலையில் பால், இரவில் ஆட்டுக்கால் சாறு. எலும்பு கூட வேண்டும், சதை பிடிக்க வேண்டும் என்பதே அவருடைய இடையறாத கவலை. நானும் மறுக்காமல் உண்டேன்.

கட்டைப் பிரித்த அன்று நான் கண்ட காட்சி இன்றும் என் நினைவில் நிற்கிறது. வலத்தொடை எப்போதும் போலவே இருந்தது. இடத்தொடையோ, நோயில் மெலிந்த சிறுவனுடைய தொடைபோல் சூம்பிக் கிடந்தது. பாட்டியார் ஒரு நூலைக் கொண்டுவந்து இரண்டையும் சுற்றி அளந்து பார்த்தார். அளவில் இருந்த வேறுபாட்டைக் கண்டு திகைத்து, "இத்தனையும் தின்றாயே, அதெல்லாம் எங்கேடா போயிற்று?" என்று என்னைக் கேட்டார்.

அந்த வினாவுக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை. பிற்காலத்தில் உடலியல் பயின்று, அதனையே கற்பிக்கும் ஆசிரியன் ஆன பிறகுதான் அவ்வினாவின் ஆழம் எனக்கு விளங்கிற்று. எண்ணிப் பாருங்கள். இரண்டு கால்களும் ஒரே உடலைச் சேர்ந்தவை. ஒரே குருதியே இரண்டிலும் ஓடியது. பாட்டியார் அளித்த முட்டையின் சத்தும் மீனின் சத்தும் இரண்டுக்கும் சமமாகவே சென்றன. எனினும் ஒன்று நிலைத்தது; மற்றொன்று தேய்ந்தது. உணவு ஒன்றே தசையை வளர்க்கும் என்றால் இவ்வேறுபாடு எவ்வாறு நிகழ்ந்தது? இரண்டு கால்களுக்கும் இடையே இருந்த வேற்றுமை ஒன்றுதான்: ஒரு கால் ஊன்றுகோலின் துணையோடு என் உடலைச் சுமந்தது, மற்றொரு கால் சும்மா கிடந்தது.

இவ்வினாவைத்தான் அறிவியல் அறிஞர்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். தசையை வளர்ப்பது உணவா, உழைப்பா? இரண்டும் எனில், எதன் பங்கு எவ்வளவு? உடல் வளர்ச்சி முற்றுப்பெற்ற பெரியவர்களைப் பொறுத்து இவ்வினாக்களுக்கு இன்று கிடைத்துள்ள விடைகளை உங்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் தசை என்பது யாது என்று காண்போம். எலும்புகளோடு பிணைந்து நம்மை இயங்கச் செய்யும் தசைகள் நம் உடலில் அறுநூறுக்கும் மேற்பட்டவை. இளைஞன் ஒருவனின் உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு இத்தசைகளே. பெண்களிடம் இப்பங்கு சற்றுக் குறைவு. தசை ஒவ்வொன்றும் மயிரிழை போன்ற நீண்ட இழைகளின் கற்றை. ஒவ்வோர் இழைக்குள்ளும் அதனினும் மெல்லிய நுண்ணிழைகள் உள்ளன. அவற்றில் மயோசின், ஆக்டின் என்ற இருவகைப் புரதங்கள் ஒன்றன் இடையே ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தசை சுருங்கும்போது இவை குறுகுவதில்லை. ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிச் செல்கின்றன. இவ்வுண்மையை 1954-ஆம் ஆண்டில் இரு குழுவினர் தனித்தனியே கண்டு வெளியிட்டனர். இரு குழுக்களிலும் ஹக்ஸ்லி என்ற பெயருடைய ஒருவர் இருந்தார் என்பதும், அவ்விருவரும் உறவினர் அல்லர் என்பதும் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க செய்தி.

இனி, தசையில் நான்கில் மூன்று பங்கு நீர். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் புரதம். இந்தக் கணக்கைச் சற்று மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்; பின்னால் இது நமக்குப் பயன்படும்.

புரதம் என்ற பொருளுக்கு மேனாட்டார் இட்ட பெயர் புரோட்டீன். டச்சு நாட்டு வேதியியல் அறிஞர் முல்டர் 1838-இல் இப்பெயரை வழங்கினார். முதன்மையானது என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. பெயரே இவ்வளவு பெருமையுடையது ஆகிவிட்டமையால், அதன் செயலைப் பற்றியும் மிகையான கருத்துகள் எழுந்தன. ஜெர்மனியின் புகழ்பெற்ற வேதியியல் பேராசிரியர் லீபிக், 1842-இல் வெளியிட்ட நூலில் ஒரு கொள்கையைக் கூறினார். தசை வேலை செய்யும்போது அதன் புரதமே எரிந்து ஆற்றலைத் தருகிறது என்பது அக்கொள்கை. அஃது உண்மையானால், மிகுதியாக உழைப்பவன் மிகுதியாக இறைச்சி உண்டே தீர வேண்டும். லீபிக்கின் சொல்லுக்கு இருந்த மதிப்பினால் பலரும் அதனை அப்படியே ஏற்றுக்கொண்டனர்.

அக்கொள்கையைச் சோதிக்க இருவர் மலையேறினர். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் உடலியல் பேராசிரியராக இருந்த ஃபிக்கும், வேதியியல் பேராசிரியராக இருந்த விஸ்லிசேனஸும் 1865-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் விடியற்காலையில் பிரியென்ஸ் ஏரிக்கரையிலிருந்து ஃபால்ஹார்ன் என்ற மலைமீது ஏறத் தொடங்கினர். முதல் நாள் நண்பகலிலிருந்தே புரத உணவை அவர்கள் அறவே விலக்கிவிட்டனர். மாவுச்சத்தைக் கொழுப்பில் பொரித்த அடைகளும் சர்க்கரையிட்ட தேநீரும் போன்றவையே அவர்கள் உணவு. வழிநெடுகிலும் தம் சிறுநீரைக் கவனமாகச் சேகரித்து வந்தனர். ஏன் எனில், உடலில் புரதம் எரியும்போது அதிலுள்ள நைட்ரஜன் யூரியாவாக மாறிச் சிறுநீரில்தான் வெளியேறும். அந்த நைட்ரஜனை அளந்தால் எவ்வளவு புரதம் எரிந்தது என்று கணக்கிட்டுவிடலாம்.

அவர்கள் கணக்கிட்ட ஏற்றம் 1956 மீட்டர். ஃபிக்கின் எடை 66 கிலோ. 66 கிலோவை 1956 மீட்டர் உயர்த்துவதற்கு வேண்டிய வேலை எவ்வளவு என்பதைப் பள்ளி மாணவரும் பெருக்கிச் சொல்லிவிடலாம்: 1,29,096 கிலோகிராம் மீட்டர். அந்நேரத்தில் அவர் உடலில் எரிந்த புரதமோ ஏறத்தாழ 37 கிராம்தான். அதிலிருந்து பிறக்கும் ஆற்றல் முழுவதும் சிறிதும் வீணாகாமல் மலையேறுவதற்கே பயன்பட்டிருந்தாலும், செய்த வேலையில் ஏறத்தாழப் பாதிக்கே அது போதும். இதயத் துடிப்பு, மூச்சு, உடலின் வெப்பம் ஆகியவற்றுக்கான செலவு தனி. ஆகவே மலையேற அவர்களுக்கு ஆற்றல் தந்தவை மாவுச்சத்தும் கொழுப்புமே என்பது தெளிவாயிற்று. லீபிக்கின் கொள்கை அம்மலையிலேயே ஆட்டங்கண்டது.

இச்சோதனையிலிருந்து நாம் பெறும் பாடம் பெரிது. புரதம் தசையின் எரிபொருள் அன்று. அது தசையின் கட்டுமானப் பொருள். விறகுக்காக வீட்டின் தூணை வெட்டி எரிப்பவர் எவரும் இலர். வேறு விறகு கிடைக்காதபோதுதான் அந்நிலை வரும். உடலும் அவ்வாறே. சோறும் எண்ணெயும் தரும் ஆற்றல் போதாமல் போனால், உண்ட பருப்பையும் முட்டையையும் அது எரித்துவிடும். பிறகு தசையிலும் கைவைக்கும். உடல் பெருக்க வேண்டும் என்று கருதி, சோற்றை அடியோடு விலக்கிப் புரதத்தை மட்டும் விழுங்கும் இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

அவ்வாறாயின், வளர்ந்து முடிந்த ஒருவனுக்குக் கட்டுமானப் பொருள் எதற்கு? கட்டி முடித்த வீட்டுக்குச் செங்கல் ஏன்? இவ்வினாவுக்கு வியத்தகு விடை தந்தவர் ஷோன்ஹைமர் என்ற அறிஞர். ஜெர்மனியிலிருந்து 1933-இல் அமெரிக்கா சென்ற இவர், நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நடத்தினார். சாதாரண நைட்ரஜனைவிடச் சற்றுக் கனமான நைட்ரஜன் அணுக்களைக் கொண்டு அடையாளமிட்ட அமினோ அமிலங்களை எலிகளுக்கு உணவில் கலந்து கொடுத்தார். எலிகளின் எடையில் மாற்றம் இல்லை. ஆகவே உண்டது முழுவதும் வெளியேறியிருக்கும் என்றே அக்காலத்தவர் எண்ணியிருப்பர். ஆனால் அடையாளமிட்ட நைட்ரஜனில் பெரும்பகுதி எலிகளின் உடற்புரதங்களுக்குள் புகுந்து அமர்ந்திருந்தது. பழைய புரதம் கரைந்து வெளியேற, புதியது அதன் இடத்தில் அமைந்திருந்தது.

ஏரி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். வாய்க்கால் வழியே நீர் வருகிறது. மதகு வழியே நீர் போகிறது. வரவும் செலவும் ஒத்திருந்தால் நீர்மட்டம் மாறாது. தொலைவில் நின்று பார்ப்பவர், நீர் அசையாமல் நிற்கிறது என்று எண்ணுவார். நம் தசையும் அத்தகையதே. அதன் புரதத்தில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு நாள்தோறும் கரைந்து, மீண்டும் கட்டப்படுகிறது. உடல் முழுவதையும் சேர்த்தால், ஒரு நாளில் கரைந்து கட்டப்படும் புரதம் 250 முதல் 300 கிராம் வரை ஆகும். தசை வளர்தல் என்றால் கட்டுதல் கரைதலை விஞ்சுதல். தேய்தல் என்றால் கரைதல் கட்டுதலை விஞ்சுதல். இதற்கு மேல் அதில் மறைபொருள் ஏதும் இல்லை.

இப்போது பாட்டியாரின் வினாவுக்கு விடை கூறலாம். அசையாமல் கிடந்த என் இடத்தொடையில் கட்டும் வேலை தளர்ந்துவிட்டது. குருதியில் அமினோ அமிலங்கள் வந்து நின்றாலும், அவற்றை வாங்கிப் பயன்படுத்தும் திறன் அத்தசைக்குக் குன்றிப்போயிற்று. கரைதலோ நிற்கவில்லை. ஆறு வாரத்தில் அத்தொடையின் நீர்மட்டம் தாழ்ந்துவிட்டது. உண்ட புரதத்தில் மிகுந்ததன் நைட்ரஜன் யூரியாவாய் வெளியேறியது. எஞ்சிய பகுதி எரிந்தது, அல்லது கொழுப்பாகியது. கொழுப்பைச் சேமிக்க உடலில் களஞ்சியம் உண்டு. புரதத்தைச் சேமிக்க அத்தகைய களஞ்சியம் கிடையாது.

கட்டுப் பிரித்த பின் என்னை நடக்க வைத்தவர் எங்கள் தெருவில் குடியிருந்த, ஓய்வுபெற்ற தேகப்பயிற்சி ஆசிரியர் ஒருவர். அவர் என்னைத் திண்ணையில் காலைத் தொங்கவிட்டு உட்காரச் செய்தார். ஒரு சிறு துணிப்பையில் மணலை நிரப்பி என் கணுக்காலில் கட்டினார். முழங்காலை நீட்டி அந்தப் பையை மெல்ல உயர்த்தி, மெல்ல இறக்க வேண்டும், பத்து முறை. சற்று ஓய்வு, மீண்டும் பத்து முறை. ஒவ்வொரு வாரமும் அவர் பையில் இன்னும் ஒரு பிடி மணல் சேர்ப்பார். பழைய சுமை எளிதாகிவிட்டது என்று நான் மகிழும் நாளில்தான் புதிய பிடி மணல் விழும். நான்கு மாதத்தில் பாட்டியாரின் நூல் இரண்டு தொடைகளுக்கும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டிற்று. உணவு அதே உணவுதான். மாறியது மணற்பை ஒன்றே.

அவர் கற்பித்த முறையை மருத்துவத்தில் நிலைநாட்டியவர் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர் என்பதைப் பின்னர் அறிந்தேன். இரண்டாம் உலகப் போரில் முழங்காலில் அடிபட்ட வீரர்கள் மருத்துவமனைகளில் நெடுநாள் கிடந்தனர். மெலிந்த தசைக்கு இலேசான பயிற்சியே ஏற்றது என்று அக்காலத்து மருத்துவர்கள் கருதினர். தாமே எடை தூக்கும் பழக்கமுடையவரான டிலார்ம், பளுவான எடையைச் சில முறைகளே தூக்கச் செய்து, வலிமை கூடக்கூட எடையையும் கூட்டிக்கொண்டே சென்றார். வீரர்கள் விரைவில் தேறினர். இம்முடிவுகளை அவர் 1945-இல் வெளியிட்டார். கிரேக்க நாட்டு மல்லன் மைலோ ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் தூக்கி வந்தானாம். அது வளர்ந்து காளையான பின்னும் அவனால் தூக்க முடிந்ததாம். இது பழங்கதை. ஆயினும் அதனுள் இருக்கும் உண்மையும், மணற்பையின் உண்மையும் ஒன்றே. சுமை படிப்படியாக உயர வேண்டும். உயராவிடில் தசைக்கு வளரும் தேவை இல்லை.

சுமையைத் தாங்கிய தசைக்குள் நிகழ்வது என்ன? இழைகளில் ஏற்படும் இழுவிசையை உயிரணு உணர்கிறது. உடனே புதிய புரதம் கட்டுவதற்கான ஆணைகள் பிறக்கின்றன. கடும் பயிற்சிக்குப் பின் ஏறத்தாழ ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை இந்தக் கட்டும் வேலை மிகுந்திருக்கும். பெரியவர்களிடம் இழைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் கூடுவதில்லை; இருக்கும் இழைகளே பருமனாகின்றன. இழைகளின் ஓரத்தில் உறங்கிக் கிடக்கும் துணை உயிரணுக்கள் சில விழித்தெழுந்து, இழையோடு கலந்து அதற்கு வலுவூட்டுகின்றன. இத்துணை உயிரணுக்களை 1961-இல் மின்னணு நுண்ணோக்கியால் முதன்முதல் கண்டு எழுதியவர் மாரோ என்பவர்.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. பயிற்சி, கட்டுதலை மட்டுமன்றிக் கரைதலையும் சிறிது தூண்டுகிறது. வெறும் வயிற்றோடு பயிற்சி செய்துவிட்டு உண்ணாமலே இருந்தால், கட்டுதல் மிகுந்தும் கரைதலே விஞ்சி நிற்கும். அமினோ அமிலங்கள் வந்து சேர்ந்தவுடன் தராசு மறுபுறம் சாய்கிறது. 1990-களில் நடந்த ஆராய்ச்சிகள் இதனைத் தெளிவாக்கின. எனவே பயிற்சி வேலையைத் தொடங்கி வைக்கிறது. புரதம் அதனை நிறைவேற்றி வைக்கிறது. ஒன்று இல்லாமல் மற்றொன்று முழுப்பயன் தராது. இருப்பினும் தலைமை யாருக்கு என்று கேட்டால், பயிற்சிக்கே என்பேன். கொத்தன் வராத மனையில் செங்கலைக் குவித்து என்ன பயன்?

இனி அளவுக்கு வருவோம். ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? உலக சுகாதார நிறுவனமும் அதனோடு சேர்ந்த அமைப்புகளும் 2007-இல் வெளியிட்ட அறிக்கை, உடல்நலமுடைய பெரியவர் ஒருவருக்கு, ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் என்று கூறுகிறது. நம் நாட்டின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் அளித்த பரிந்துரையும் இதுவே. 60 கிலோ எடையுள்ளவருக்கு இஃது ஏறத்தாழ 50 கிராம் ஆகும். முறையாக எடைப்பயிற்சி செய்வோருக்கு இதனினும் மிகுதியாக வேண்டும். எவ்வளவு மிகுதி? 49 ஆராய்ச்சிகளில் பங்குகொண்ட 1,863 பேரின் முடிவுகளை ஒருங்குசேர்த்துப் பார்த்த கணிப்பு ஒன்று 2018-இல் வெளிவந்தது. நாள் ஒன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 1.6 கிராமுக்கு மேல் உண்பதால் சராசரியாகக் கூடுதல் பயன் இல்லை என்று அது கண்டது. மேலும், பயிற்சியோடு புரதத்தைக் கூடுதலாக உண்டவர்கள் உண்ணாதவர்களைவிடச் சராசரியாக 0.3 கிலோ அளவே மிகுதியாக உடற்சதை பெற்றனர். வளர்ச்சியின் பெரும்பங்கு பயிற்சியால் வந்தது. கூடுதல் புரதத்தால் வந்தது சிறுபங்கு.

இது வியப்பாக இருக்கிறதா? முன்னே மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு நான் சொன்ன கணக்கை இப்போது எடுத்துப் பாருங்கள். தசையில் ஐந்தில் ஒரு பங்கே புரதம். ஆகவே ஒரு கிலோ தசையில் உள்ள புரதம் ஏறத்தாழ 200 கிராம். ஓர் இளைஞன் கடுமையாக உழைத்து இரண்டு மாதத்தில் ஒரு கிலோ தசை பெற்றான் என்று வைத்துக்கொள்வோம். அந்த 200 கிராமை 60 நாளுக்குப் பகிர்ந்தால், நாள் ஒன்றுக்குத் தசையில் தங்குவது மூன்று கிராமுக்குச் சற்று மேல். அவ்வளவுதான்! உண்டதெல்லாம் தசையாவதில்லை, கரைந்து கட்டும் வேலை பெருகுவதாலும் புரதச் செலவு கூடுகிறது. ஆகவேதான் தேவை இதனினும் மிகுதியாக இருக்கிறது. எனினும் மலைமலையாகப் புரதத்தை விழுங்க வேண்டியதில்லை என்பதற்கு இக்கணக்கே சான்று.

என் மாணவர்களுள் ஒருவன், தந்தை அனுப்பும் பணத்தில் பாதியைப் புரதமாவு டப்பாக்களுக்குச் செலவிட்டு வந்தான். விடுதிச் சாப்பாட்டையோ அரைகுறையாக உண்டான். அவனோடு அமர்ந்து ஒரு நாள் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி உண்டால் அதில் 21 கிராம் புரதம். 60 கிராம் பருப்பில் 13 கிராம். பாலும் தயிருமாக 400 மில்லிலிட்டரில் 13 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், நிலக்கடலையில் 7 கிராம். மொத்தம் 60 கிராம். இன்னும் ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் சுண்டலோ, ஒரு துண்டு மீனோ சேர்ந்தால் 65-ஐத் தாண்டிவிடும். "இவ்வளவு இதிலேயே இருக்கிறதா ஐயா?" என்று அவன் கேட்டான். மாவு தீங்கானது என்று நான் சொல்லவில்லை; பாலிலிருந்து பிரித்த புரதம்தானே அதுவும்! உணவில் கிடைக்காதவருக்கு அஃது உதவலாம். ஆனால் அதில் மந்திரம் இல்லை.

அதே வேளையில், கணக்கின் மறுபக்கத்தையும் நான் மறைக்கக் கூடாது. நீர்த்த சாம்பாரும் ரசமும் ஊற்றிச் சோற்றை மட்டும் உண்டு எழுபவர் நம்மிடையே பலர். அவர்கள் பெறும் புரதம் 30 கிராமைத் தாண்டுவதே அரிது. அளவோடு தன்மையையும் கருத வேண்டும். புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றுள் 9 வகைகளை நம் உடலால் ஆக்கிக்கொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற்றாக வேண்டும். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ரோஸ் என்பவர், தம் மாணவர்களையே சோதனைக்கு உட்படுத்தி, இவற்றுள் எட்டினைப் பெரியவர்களுக்கு இன்றியமையாதவை என்று காட்டினார். ஒன்பதாவதான ஹிஸ்டிடின் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் ஓரளவு இருக்கிறது. ஆகவே அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்டிலியும், அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த பொங்கலும் ஒன்றன் குறையை ஒன்று நிரப்பும் உணவுகள். பாட்டியார் போற்றிய ஆட்டுக்கால் சாறோ, அவர் எண்ணிய அளவு சிறந்ததன்று. எலும்பிலிருந்து இறங்கும் ஜெலட்டினில் டிரிப்டோபேன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் அறவே இல்லை. பருகலாம், சுவைக்கலாம், அதனையே நம்பியிருத்தல் ஆகாது.

பயிற்சி முடித்த அரைமணி நேரத்திற்குள் புரதம் உண்ணாவிட்டால் அனைத்தும் வீண் என்று கூறுவோர் உண்டு. தசையின் ஆவல் ஒரு நாளுக்கு மேலும் நீடிப்பதால், அத்தகைய அவசரம் தேவையில்லை. நாள் முழுதுக்குமான அளவு நிறைவதே முதன்மை. அதனை மூன்று நான்கு வேளைகளில் பகிர்ந்து உண்பது நன்று. சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. விரைவில் உடல் பெருக்க வேண்டி ஊக்கமருந்துகளை, குறிப்பாக ஸ்டீராய்டு மருந்துகளை நாடுவோர் இதயத்தையும் கல்லீரலையும் இனப்பெருக்க ஆற்றலையும் பணயம் வைக்கிறார்கள். அவ்வழி உங்களுக்கு வேண்டா.

இதுவரை சொன்னது இளைஞர்களுக்கு. இந்தச் செய்தியால் மிகுதியும் பயன்பெற வேண்டியவர்கள் வேறு சிலர். அதனைக் கூற, என் குறை ஒன்றை நானே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் தாயாருக்கு 78 வயதானபோது கடுங்காய்ச்சல் கண்டது. காய்ச்சல் நீங்கிய பின்னும் மூன்று வாரம் அவரைப் படுக்கையை விட்டு எழ விடாமல் காத்தோம். கஞ்சியும் பழச்சாறுமே கொடுத்தோம். அன்பினால்தான் அவ்வாறு செய்தோம். ஒரு நாள் காலை அவர் எழ முயன்றார், முடியவில்லை. கட்டில் விளிம்பில் கையை ஊன்றி இருமுறை முயன்று, மூன்றாம் முறை என்னைப் பார்த்தார். என் பழைய இடக்கால் அப்போது என் நினைவுக்கு வந்தது. வகுப்பறையில் ஆண்டுதோறும் நான் கற்பித்த பாடம் என் வீட்டுக்குள் நுழையவே இல்லை! உடல்நலமுள்ள முதியவர்களே பத்து நாள் படுக்கையில் கிடந்தால், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ சதையை இழக்கிறார்கள் என்று 2007-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டியது. நான் அதனைப் படித்திருந்தேன். எனினும் மறந்திருந்தேன்.

முதுமையில் தசை வளருமா என்று ஐயுறுவோருக்குப் பாஸ்டன் நகரில் நடந்த ஓர் ஆராய்ச்சி விடை கூறும். 1994-இல் ஃபியட்டரோன் என்ற மருத்துவ அம்மையாரும் அவர் குழுவினரும், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 100 பேரைப் பற்றிய முடிவுகளை வெளியிட்டனர். அவர்களின் சராசரி வயது 87. சிலருக்குக் கால்களுக்கான எடைப்பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம் மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரத்திற்குப் பின் பார்த்தால், பயிற்சி செய்தோரின் தசைவலிமை சராசரியாக நூற்றுக்கு 113 பங்கு கூடியிருந்தது. அதாவது இருமடங்குக்கும் மேல். நடை விரைவடைந்தது. சத்துப் பானம் மட்டும் பருகியோருக்கு வலிமை கூடவில்லை. என் இரு கால்களில் நிகழ்ந்ததே அந்த நூறு முதியோரிடமும் நிகழ்ந்தது.

தாயாருக்கு நாங்கள் செய்தது மிக எளியது. உயரமான நாற்காலி ஒன்றில் அவரை அமர்த்தி, கையூன்றி எழுந்து மீண்டும் அமரச் செய்தோம். முதல் நாள் மூன்று முறை. "படுத்திரு என்று சொன்னவனும் நீதான்; இப்போது எழுந்திரு எழுந்திரு என்கிறவனும் நீதான்" என்று அவர் கடிந்துகொண்டார். அவர் சொன்னதில் பிழை இல்லை. கஞ்சியோடு முட்டையும், தயிரும், பாசிப்பருப்பும் சேர்ந்தன. முதியோரின் தசை புரதத்துக்கு மெதுவாகவே செவிசாய்ப்பதால், அவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். இரண்டு மாதத்தில் அவர் கையூன்றாமல் பத்து முறை எழுந்தார். மூன்றாம் மாதம் கோல் ஊன்றிக் கொல்லைப்புறம் வரை நடந்து, தாம் நட்ட முருங்கையைத் தாமே பார்த்துவிட்டு வந்தார். பழைய நடை முழுவதும் மீளவில்லை. ஆனால் எழுவதற்குப் பிறர் கையை எதிர்பாராமல் அவர் மேலும் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார்.

மாணவ நண்பர்களே, நீங்கள் தசை வளர்ப்பது கண்ணாடியில் பார்த்து மகிழ்வதற்காக மட்டும் அன்று. வாரத்தில் இரண்டு நாளேனும் பெரிய தசைகள் அனைத்துக்கும் வலிமைப் பயிற்சி தருமாறு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர் யாவருக்கும் கூறியுள்ளது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அஃது ஒன்றே. அதற்குத் தண்டாலும் பஸ்கியும் போதும்; கர்லாக்கட்டை இருந்தால் நன்று; மணற்பை இருந்தாலும் போதும். சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். முதற்சில வாரங்களில் வலிமை கூடியும் தசை பருக்கவில்லையே என்று சோர வேண்டா. அப்போது நரம்புகளே முதலில் பழகுகின்றன. பருமன் பின்னால் வரும். பயிற்சிக்கு இடையே ஓய்வும், இரவில் நல்ல உறக்கமும் கொள்ளுங்கள். நிறைய உண்ணுங்கள், அதில் பருப்பும், பாலும், கடலையும், இயன்றால் முட்டையும் மீனும் இடம்பெறட்டும்.

உங்கள் வீட்டில் நோயிலிருந்து தேறிவரும் முதியவர் எவரேனும் இருந்தால், இன்று மாலை அவர் அருகே ஒரு நாற்காலியை இட்டு, மருத்துவர் தடுக்காத வரையில், ஒருமுறை எழுந்து அமருமாறு கேளுங்கள். அவர் கடிந்துகொண்டாலும் கேளுங்கள். நாளை இருமுறை கேளுங்கள்.